கொஞ்சம் சுவரைப் பாருங்க

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எனக்கும் அதில் ஒரு பயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்த்த வால்வு கம்பெனியில் எல்லோரும் அவரை ‘சிஸ்டம் மேடம்’ என்றுதான் கூப்பிட்டோம். அங்கே இருந்த பதினான்கு கம்ப்யூட்டருக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு.

அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்தார். ஒல்லியான உருவம், காட்டன் புடவை, தோளில் குறுக்காக மாட்டிய ரெக்ஸின் பை. அந்தப் பையை அவர் கழற்றி வைத்து நான் பார்த்ததே இல்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து ஏதேதோ தட்டினார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

“கொஞ்சம் சுவரைப் பாருங்க.”

எனக்குப் புரியவில்லை. சுவரில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்து, “என்ன மேடம் சுவத்துல?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. பாஸ்வேர்ட் போடணும். அந்தப் பக்கம் திரும்புங்க.”

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. எஸ்டிமேட் செக்‌ஷனில் ஒன்பது வருட சர்வீஸ். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் திருப்பி நிற்க வைத்ததற்குப் பிறகு என்னை யாரும் சுவரைப் பார்க்கச் சொன்னதில்லை. ரோஷம் வந்தது. ஆனாலும் திரும்பினேன். சுவரில், குழாயோடு வால்வை இணைக்கிற ஃப்ளேஞ்சின் அளவுகள் போட்ட ஒரு சார்ட் தொங்கியது. அதை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்த பிறகுதான், “ஆச்சு, திரும்பலாம்” என்றார்.

அடுத்தது என் முறை. நான் புதுப் பாஸ்வேர்ட் போட வேண்டும். நான் விசைப்பலகையில் கை வைத்ததும் அவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, அதே சார்ட்டைப் பார்த்து நின்றார். எனக்கு முதுகைக் காட்டியபடியே, “ஆச்சா?” என்று கேட்டார். “ஆச்சு மேடம்” என்று சொன்ன பிறகுதான் திரும்பினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் அவர் ஒரு தராசு. நம்மை எப்படித் திருப்பினாரோ அப்படியே தானும் திரும்பினார். அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. என்னைத் திரும்பச் சொன்னதுதான் மனதில் நின்றது.

ஒரே மாதத்தில் ஆபீஸ் முழுவதும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. அவர் ஒரு மேஜையை நெருங்கினாலே அங்கிருப்பவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அக்கவுண்ட்ஸில் இருந்தவர்கள், “மேடம் வர்றாங்க, சாமி கும்பிடுங்கப்பா” என்று கிண்டல் செய்வார்கள். ஜி.எம். ஒருவர்தான் முதலில் மறுத்தார். எங்கள் ஜெனரல் மேனேஜர் மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, கன்னடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கே தெரியாது. “என் ரூம்ல நான் ஏன்ரீ திரும்பணும்?” என்று கேட்டார். சிஸ்டம் மேடம் விரல்களை விசைப்பலகை மேல் வைத்தபடி காத்திருந்தார். ஐந்து நிமிஷம் காத்திருந்தாராம். கடைசியில் ஜி.எம். தன் சுழல் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபம் அவருக்கு உள்ளே தங்கிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்களுக்கு அதுவரை மெயில் வந்த அழகைச் சொன்னால் சிரிப்பீர்கள். கம்பெனிக்கு ஒரே ஒரு முகவரி, ஒரே ஒரு மோடம், அது என் மேஜையில். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை நான் போன் லைனைப் பிடித்து, கீச்சுக் கீச்சென்று அது கத்தி முடிந்ததும் மெயிலை எல்லாம் இறக்குவேன். இறக்கியதை எல்லாம் பிரிண்ட் எடுப்பேன். ஒரு ஃபைலில் போட்டு ஜி.எம். மேஜையில் வைப்பேன். அவர் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் பதில் எழுதுவார். அதை நான் டைப் அடித்து அனுப்புவேன். நடுவில் யாராவது போன் பண்ணினால் லைன் அறுந்து, மறுபடியும் முதலிலிருந்து. தொம்மலூரில் எங்கள் சேல்ஸ் ஆபீஸ் இருந்தது. அவர்களுக்கு ஒரு விலை சொல்ல வேண்டுமென்றால் அரை நாள் ஆகும்.

இதை ஒழிக்கத்தான் அவரை வேலைக்கு வைத்தார்கள். அவர் பழைய டூல் ஸ்டோர் ரூமைக் காலி செய்யச் சொல்லி, வார்ப்பில் கழிந்த வால்வு பாடிகளுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, கதவுக்குச் சொந்தமாக ஒரு பூட்டு வாங்கி மாட்டினார். இரண்டு வாரம் உள்ளேயே இருந்தார். எட்டிப் பார்த்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடும். காசு கொடுத்து வாங்காத மென்பொருளாம், எல்லாமே இலவசமாம். “ஓசில வர்றதுக்குப் பூட்டு வேறயா?” என்று அக்கவுண்ட்ஸில் சிரித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, தொம்மலூரிலிருந்தும் பீன்யாவிலிருந்தும் அவரவர் பெயரைப் போட்டு, பிரவுசரிலேயே மெயிலைப் படிக்கலாம் என்றார். நிஜமாகவே படிக்க முடிந்தது. எனக்கு மோடத்திலிருந்து விடுதலை.

ஆனால் முதல் நாளே ஒரு கூத்து. பக்கத்தைத் திறந்ததும் ஒரு பெட்டி வந்து, இந்தத் தளத்தின் சான்றிதழை நம்ப முடியாது, தொடர விருப்பமா என்று கேட்டது. ஜி.எம். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “பாரப்பா, மெஷினே சொல்லுது இந்தம்மாவை நம்பாதேன்னு” என்றார்.

“கரெக்டாத்தான் சார் சொல்லுது,” என்றார் சிஸ்டம் மேடம், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். “அந்தச் சான்றிதழ் நானே செஞ்சது. வெளிய வாங்கக் காசு சாங்ஷன் ஆகல. அது என்னோடதுதானான்னு இந்த நம்பரைப் பாத்துட்டு அப்புறம் ஓகே குடுங்க. பாக்காம யாரும் ஓகே குடுக்கக் கூடாது.” பதினான்கு மேஜைக்கும் அந்த நம்பரைப் பேனாவால் எழுதிய ஒரு சீட்டு வந்தது. யார் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? நான் பார்க்கவில்லை. எல்லோரும் ஓகே குடுத்தோம்.

அவர் எங்கே குடியிருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. காக்ஸ் டவுன் சர்ச் பக்கம் என்று ஒருவர் சொன்னார், அல்சூரில் கோயிலில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். எங்களிடம் தமிழ், வாட்ச்மேனிடம் சுத்தமான கன்னடம், ஆட்டோக்காரரிடம் அவர்கள் வீட்டு உருது. கல்யாணம் ஆனவரா, இல்லையா? கேட்ட ஒருவரிடம், “அது உங்களுக்கு எதுக்கு யூஸ் ஆகும்?” என்று திருப்பிக் கேட்டாராம். மத்தியானம் தன் டப்பாவைத் திறந்தால்கூட மூடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுவார். இதெல்லாம் எங்களுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒளிக்கிறவரிடம் ஏதோ இருக்கிறது என்றுதானே மனசு சொல்லும்.

அவரிடம் இன்னொரு பழக்கம், எதற்கும் இரண்டு பிரதி. ஒவ்வொரு நாளும் மாலையில் மெஷினிலிருந்து எதையோ ஃப்ளாப்பியில் இறக்குவார். ஒன்று ஸ்டோர் ரூம் அலமாரியில். இன்னொன்று அந்த ரெக்ஸின் பைக்குள். “ஒரு காப்பி இருந்தா ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்” என்பார். பை வீட்டுக்குப் போகும். நான் அதைத் தினமும் பார்த்தேன்.

இந்த நிலையில்தான் ஒரு பெரிய டெண்டர் எங்கள் கையைவிட்டுப் போனது. போனது கூடப் பரவாயில்லை. பீன்யா இரண்டாம் ஸ்டேஜ் ஏரியாவில் இருந்த எங்கள் போட்டிக் கம்பெனி, நாங்கள் போட்ட விலைக்கு மயிரிழை கீழே போட்டு எடுத்திருந்தது. எங்கள் விலை தெரியாமல் அப்படிப் போட முடியாது. ஜி.எம். எல்லோரையும் தன் ரூமுக்குக் கூப்பிட்டார்.

“யாருன்னு கொத்தில்ல, தெரியல. ஆனா உள்ளேயிருந்துதான் போயிருக்கு. ஹௌதா இல்லையா?”

அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிஸ்டம் மேடம்தான் வாயைத் திறந்தார்.

“சந்தேகம்னா முதல்ல என்னைப் பண்ணுங்க சார். எல்லார் மெயிலும் என் மெஷின்ல இருக்கு. நான் நினைச்சா எதை வேணாப் படிக்கலாம். யாருக்கும் தெரியவும் தெரியாது.”

ஐயோ, இப்படியா ஒருவர் தன் தலையைத் தானே கொண்டுபோய் நீட்டுவார்? ஜி.எம். முகம் மாறியது. எனக்கும் உள்ளே ஏதோ நெருடியது. யாரும் கேட்காமல் இதை ஏன் சொல்கிறார்? அதற்கு அவர் ஒரு வழியும் சொன்னார். விலை போகிற மெயிலை எல்லாம் பூட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டை ஊருக்கே கொடுக்கலாம். அந்தப் பூட்டால் பூட்டிய கடிதத்தை அதன் சாவிக்காரரைத் தவிர யாராலும் திறக்க முடியாது.

“நீங்க திறக்கலாமா?” என்றார் ஜி.எம்.

“என்னாலயும் முடியாது. அதுக்குத்தான் சார் இதே.”

மெயில் மெஷினிலேயே இந்தப் பூட்டுகிற வேலையையும் வைத்துவிடலாமாம். ஒரு டிக் போட்டால் போதுமாம். தொம்மலூர் சேல்ஸ் மேனேஜர் அதைத்தான் கேட்டார். சிஸ்டம் மேடம் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “சாவியை என் மெஷின்ல வெச்சா, நான் தொடமாட்டேன்னு நீங்க என்னை நம்பணும். நம்பிக்கைன்னு ஒரு ஐட்டமே இந்த வேலைல வெக்கக்கூடாது.” அதனால் சாவி அவரவர் கம்ப்யூட்டரில். எழுதியதைப் பிரதி எடுத்து, ஒரு சின்ன மென்பொருளில் போட்டுப் பூட்டி, அதிலிருந்து வருகிற கண்டமேனிக்கான எழுத்துக் குவியலை எடுத்து மெயிலில் ஒட்ட வேண்டும். வந்ததைத் திறக்க, அவரவருக்கு மட்டும் தெரிந்த ஒரு முழு வாக்கியத்தை அடிக்க வேண்டும். ஒரு டிக்கில் முடிகிற வேலைக்கு ஆறு படி. திட்டாதவர் பாக்கியில்லை.

அதோடு விட்டாரா? என் பூட்டு நிஜமாகவே என்னுடையதுதானா என்று தொம்மலூர் மேனேஜர் சரிபார்க்க வேண்டுமாம். அதற்கு நாற்பது எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகை போன்ற எண். “போன்ல படிச்சிடறேன் மேடம்” என்றேன்.

“போன்ல பேசறது நீங்கதான்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

“என் குரல் தெரியாதா அவருக்கு? ஒன்பது வருஷமா பேசறோம்.”

“அவருக்குத் தெரிஞ்ச குரலைத்தான் யாரும் பேசிக் காமிப்பாங்க. நேர்ல போங்க.”

போனேன். பீன்யாவிலிருந்து மெஜஸ்டிக், அங்கே இறங்கி இன்னொரு பஸ், தொம்மலூர் போய்ச் சேரும்போது பதினொன்றரை. சேல்ஸ் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து நாலு நாலு எழுத்தாக நாற்பதையும் படித்தேன். அவர் தன் திரையைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் “ம்... ம்...” என்றார். முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். “அந்தம்மாவுக்கு மறை கழண்டிருக்கு” என்றார் அவர். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இவ்வளவு செய்த பிறகும் ஒன்றே ஒன்று மாறவில்லை. ஜி.எம்.முக்குக் காகிதம் வேண்டும். “ஸ்கிரீன்ல பாத்தா தல நோவுது. பிரிண்ட் எடுத்து வைங்க, ஹோகலி விடுங்க” என்றார். அதனால் ஆறு படி தாண்டி வந்த விலையை நான் திறந்து, பிரிண்ட் எடுத்து, பழையபடி ஃபைலில் வைத்தேன். சிவப்புப் பேனாவால் திருத்துவார். திருத்தியதைப் புதிதாக எடுப்பேன். பழையது? எங்கள் ஆபீஸில் ஒரு பக்கம் அடித்த காகிதத்தை வீணாக்குவது பெரிய பாவம். மேஜை ஓரத்தில் ஒரு ட்ரே வைத்து, அதையெல்லாம் அடுக்கி, பின்பக்கத்தை எழுத உபயோகிப்போம். இந்தச் சிக்கனத்தில் நான்தான் முதல். ஜி.எம். ஒரு தடவை எல்லோர் முன்பும் அந்த ட்ரேயைக் காட்டி என்னைப் பாராட்டியிருக்கிறார்.

சிஸ்டம் மேடம் மட்டும் ஒரு நாள் அந்த ட்ரேயிலிருந்து ஒரு தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இதையெல்லாம் கிழிச்சிடுங்க” என்றார்.

“ஆகட்டும் மேடம்” என்றேன். கிழிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு சந்தேகம் இந்தம்மாவுக்கு என்று நினைத்தேன். கதவு, பை, டப்பா மூடி, இப்போது வேஸ்ட் பேப்பர். ஒரு மனுஷி எத்தனையைத்தான் சந்தேகப்படுவாள் என்று வீட்டில் போய் என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டாவது டெண்டரும் அதே மாதிரி போனது. அதே கம்பெனி, அதே மயிரிழை.

இந்த முறை ஜி.எம். கூட்டம் போடவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“பூட்டு வந்த அப்புறமும் போயிருக்கு. அப்படின்னா யாரு? பூட்டு செஞ்சவ கைல சாவி இல்லேன்னா நான் நம்பணுமா? நீ ஸ்வல்பம் அவளைக் கவனி. எங்க போறா, என்ன எடுத்துட்டுப் போறா, எனக்கு மட்டும் சொல்லு.”

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். என்னைச் சுவரைப் பார்க்க வைத்தவரை இப்போது நான் பார்க்கப்போகிறேன். பத்து நாள் கவனித்தேன். ஒரு பழைய டைரியில் குறித்துக்கூட வைத்தேன். மாலை ஃப்ளாப்பி பைக்குள் போகிறது. போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறார். நான் உள்ளே நுழைந்தால் திரையை அணைக்கிறார். இதெல்லாம் எப்போதும் செய்கிறதுதான். ஆனால் உளவு பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாமே குற்றமாகத்தான் தெரியும் என்பதை அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்டேன்.

எட்டாவது நாள் புதிதாக ஒன்று கிடைத்தது. மத்தியானம் டப்பாவைத் திறக்காமல், பையை மாட்டிக்கொண்டு அவர் கேட்டுக்கு வெளியே போனார். அடுத்த நாளும். வாட்ச்மேனிடம் விசாரித்தேன். “மேடம் ஹொரகடே ஹோதரு சார், செகண்ட் ஸ்டேஜ் கடெ” என்றார். அதாவது வெளியே, இரண்டாம் ஸ்டேஜ் பக்கம். போட்டிக் கம்பெனி இருக்கிற பக்கம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நேராக ஜி.எம். ரூமுக்குப் போய்ச் சொன்னேன். சேர்ந்தாற்போல் ஃப்ளாப்பியையும் சொன்னேன்.

அடுத்த நாள் காலை அவரை உள்ளே கூப்பிட்டார்கள். என்னையும் சாட்சியாக ஓரத்தில் நிற்க வைத்தார்கள். நான் சொன்னதாக ஜி.எம். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, நான் அங்கே நின்ற விதத்திலேயே தெரிந்திருக்கும்.

“லஞ்ச் டைம்ல ரெண்டாம் ஸ்டேஜ்ல உங்களுக்கு என்ன வேலை?”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, “காயிதம் எங்கெல்லாம் போகுதுன்னு பாக்கப் போனேன்” என்றார்.

“என்ன காயிதம்?”

“இன்னும் முழுசாப் பாக்கல சார். நாளைக்குச் சொல்றேன்.”

“நாளைக்கெல்லாம் பேடம்மா, வேணாம். எல்லா பாஸ்வேர்டும் எழுதிக் குடுத்துட்டு, இன்னையோட நின்னுக்கோங்க. எங்க எல்லார் சாவியும் எழுதிக் குடுங்க.”

பையிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். மெஷினின் பாஸ்வேர்ட் அதில் தயாராக இருந்தது. இந்த நாள் வரும் என்று எப்போதோ எழுதி வைத்திருக்கிறார். “உங்க சாவி என்கிட்ட இல்ல சார். நீங்க வாக்கியம் போட்டப்போ நான் ஜன்னலைத்தான் பாத்துட்டு நின்னேன். ஞாபகம் இல்லையா?” என்றார். ஜி.எம். சிரித்தார். செய்தவளிடமே இல்லாத சாவியா? என்னாலும் அதை நம்ப முடியவில்லை.

அன்று மாலை நாலு மணி இருக்கும். நான் என் மேஜையில் தனியாக இருந்தேன். அக்கவுண்ட்ஸ்காரர்கள் டீக்குப் போயிருந்தார்கள். சிஸ்டம் மேடம் வந்து என் எதிரில் நின்றார். வேலையை விட்டு நின்றவர் கிளம்பிப் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் மறுபடியும் இரண்டாம் ஸ்டேஜ் போய்விட்டு வந்திருக்கிறார். புடவை ஓரமெல்லாம் புழுதி.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். நடுவில் ஓட்டை விழுந்த தாள், கம்பியில் குத்தி வைத்திருந்தது போல. அதில் என் கையெழுத்து. ‘நாற்பது ஸ்டெம், நிக்கல், வெள்ளிக்கிழமை கண்டிப்பாக.’ எங்கள் வால்வுத் தண்டுகளுக்கு முலாம் பூசிக் கொடுக்கிற பிளேட்டிங் கடைக்கு நான் அனுப்பிய சீட்டு. அந்தக் கடை இரண்டாம் ஸ்டேஜில்தான் இருந்தது. எங்களுக்கும் அந்தக் கடைக்காரர்தான், அந்தப் போட்டிக் கம்பெனிக்கும் அவர்தான். வருகிற சீட்டையெல்லாம் வாசலில் ஒரு கம்பியில் குத்தி வைப்பார். யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

“திருப்பிப் பாருங்க,” என்றார்.

திருப்பினேன். எங்கள் இரண்டாவது டெண்டர் விலை. மேலே ஜி.எம்.முடைய சிவப்புப் பேனாத் திருத்தம்கூடத் தெளிவாக இருந்தது.

ஒன்பது வருஷ வேலை, வீட்டு வாடகை, பெரியவளுக்குக் கட்ட வேண்டிய ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஒரே கணத்தில் கண் முன்னால் வந்தன. அந்தக் கம்பியில் இதேபோல இன்னும் எத்தனை குத்தியிருக்கிறது? எல்லாம் என் கையால், என் சிக்கனத்தால்.

“கடைக்காரர்கிட்ட இதையெல்லாம் குத்தி வெக்காதீங்கன்னு சொல்லியிருக்கேன். மத்ததெல்லாம் எடுத்துக் கிழிச்சிட்டேன். இது ஒண்ணுதான்,” என்றார். “ஜி.எம். ரூம்லதான் இருக்கார். இதைக் கொண்டுபோய்க் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்.”

“மேடம்...” என்றேன்.

அவர் பைவாரைச் சரிசெய்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அந்த ஃப்ளேஞ்ச் சார்ட்டைப் பார்த்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி.

என் மேஜையிலிருந்து ஜி.எம். ரூம் கதவு பத்தடி தூரம். நான் எழுந்து நடந்திருந்தால் அவர் பெயர் சுத்தமாகியிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. தாளை நாலாக மடித்தேன். சட்டைப் பைக்குள் வைத்தேன். மடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்குமா, அவ்வளவு அமைதி.

“ஆச்சா?” என்று கேட்டார்.

“ஆச்சு மேடம்,” என்றேன்.

திரும்பினார். வெறும் மேஜையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கேட் அருகே பழக்கப்படி வாட்ச்மேன் ரெஜிஸ்டரில் நேரம் போட்டுக் கையெழுத்து வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

ஏன் அப்படிச் செய்தார்? என்மேல் இரக்கமா? நான் எழுந்து போவேன் என்று நம்பினாரா, யாரையும் நம்பாத அந்த அம்மா? இல்லை, நான் போகமாட்டேன் என்று சந்தேகப்பட்டதைச் சரிபார்த்துக்கொண்டாரா? இதில் எது என்று இன்றைக்குவரை எனக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றும் என்னை விடாமல் அரிக்கிறது. எதற்கும் இரண்டு பிரதி வைத்துக்கொள்கிறவர், இதற்கு மட்டும் ஒன்றே ஒன்றா வைத்திருப்பார்? ‘இது ஒண்ணுதான்’ என்று அவர் சொன்னதை எப்படி நம்புவது? ரெக்ஸின் பைக்குள் ஒரு ஜெராக்ஸ் இருந்திருக்கலாம். முன்பின் தெரியாத முகவரியிலிருந்து மெயில் வந்தால் இப்போதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் திறக்கிறேன். இதுவரை எதுவும் வரவில்லை. வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மாலையே ட்ரேயில் இருந்ததை எல்லாம் சின்னச் சின்னதாகக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு சீட்டும் அப்படி அனுப்பவில்லை. அடுத்து வந்த டெண்டர் எங்களுக்குக் கிடைத்தது. அதற்கடுத்ததும் கிடைத்தது. ஜி.எம்.முக்கு ஒரே குஷி. எல்லோருக்கும் மைசூர்பாக் வாங்கி வரச் சொல்லி, என் தோளில் கை போட்டு, ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

“பாத்தியா? அவ போனா, லீக்கும் நின்னுபோச்சு. நான் அன்னைக்கே சொல்லல?”

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கையில் மைசூர்பாக் இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

“ஆமா சார்,” என்றேன்.